வீட்டில் யாருக்கும் இல்லையே, டாக்டர்!

குழந்தைகளுக்கு வரும் டைப் 1 சர்க்கரை நோய் பற்றிப் போன இதழில் ஒரு சின்னப் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு மும்பை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. இது பரம்பரை நோயா, யார் பக்கத்திலிருந்து வந்தது, அடுத்த பிள்ளைக்கும் வருமா? மாட்டுங்காவில் கிளினிக் வைத்திருக்கும் குழந்தை மருத்துவர் என்ற முறையில் நேரிலும் என்னிடம் இதே கேள்விகளைத்தான் அதிகம் கேட்கிறார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என் மகனுக்கு ஏழு வயது. தீபாவளிக்கு முந்தைய வாரம் வாந்தியும் மூச்சிரைப்புமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சர்க்கரை 480 என்றார்கள். இப்போது தினமும் நான்கு ஊசி. என் அப்பாவுக்கு நாற்பது வயதிலிருந்து சர்க்கரை உண்டு. "உங்க வீட்டு வியாதி என் பேரனுக்கு வந்துடுச்சு" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். கணவர் வாயே திறப்பதில்லை. உண்மையிலேயே என் பக்கத்திலிருந்துதான் வந்ததா?
*வாசகி, செம்பூர்*

இல்லை. உங்கள் அப்பாவின் சர்க்கரை உங்கள் மகனுக்கு வரவில்லை. அப்பாவுக்கு இருப்பது டைப் 2. அதில் உடம்பு இன்சுலின் சுரக்கும், ஆனால் அது சரியாக வேலை செய்யாது. போகப்போகச் சுரப்பதும் குறையும். உங்கள் மகனுக்கு நடந்தது வேறு. அவனுடைய நோய் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிட்டது. இரண்டுக்கும் பின்னால் இருக்கும் மரபணுக்களும் பெரும்பாலும் வேறு வேறு.

டைப் 1ல் பெரிய பங்கு வகிப்பவை ஆறாவது குரோமோசோமில் ஹெச்.எல்.ஏ. என்ற பகுதியில் உள்ள ஜீன்கள். 1974லேயே டென்மார்க்கிலும் இங்கிலாந்தின் லிவர்பூலிலும் இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பரம்பரையாக வரும் வாய்ப்பில் கிட்டத்தட்ட பாதி இந்த ஒரு பகுதியிலிருந்து வருகிறது. நம் ஹவுசிங் சொசைட்டி வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் காட்டும் சீட்டைப் பார்த்துத்தான் இவர் குடியிருப்பவரா, வெளியாளா என்று அவர் முடிவு செய்கிறார். நம் எதிர்ப்பு செல்கள் அந்த வாட்ச்மேன். சீட்டைப் பிடித்துக் காட்டும் கைதான் ஹெச்.எல்.ஏ. சில வகைக் கைகள் பீட்டா செல்லின் சீட்டைக் காட்டும் விதத்தில், குடியிருப்பவரே வெளியாளாகத் தெரிந்துவிட வாய்ப்பு அதிகம். டி.ஆர்.3, டி.ஆர்.4 என்பவை அப்படிப்பட்ட வகைகள். ஐரோப்பியர்களிடம் இரண்டுமே முக்கியம். நம் நாட்டுக் குழந்தைகளிடம், குறிப்பாக வட இந்தியாவில், டி.ஆர்.3ன் பங்குதான் பெரிது என்று டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த ஜீன்களில் ஒரு செட் அம்மாவிடமிருந்தும் ஒரு செட் அப்பாவிடமிருந்தும் பிள்ளைக்கு வருகின்றன. மிக அதிக ஆபத்து உள்ளது, ஒருவரிடமிருந்து டி.ஆர்.3ம் இன்னொருவரிடமிருந்து டி.ஆர்.4ம் வந்து சேரும் குழந்தைக்கு. கொடுத்த இருவருமே பெரும்பாலும் ஆரோக்கியமாகத்தான் இருப்பார்கள். தங்களிடம் அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. இது போக, ஹெச்.எல்.ஏ.வுக்கு வெளியே 60க்கும் மேற்பட்ட இடங்கள் சிறு சிறு அளவில் ஆபத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. இன்சுலின் ஜீனுக்குப் பக்கத்திலேயே, 11வது குரோமோசோமில், அப்படி ஓர் இடம் இருக்கிறது. நோயிலிருந்து காப்பாற்றுகிற வகைகளும் உண்டு. இதில் "உன் பக்கம்", "என் பக்கம்" என்று கோடு போட வழியே இல்லை.

மாமியார் அம்மாவுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். டைப் 1 வந்த குழந்தைகளில் 10ல் 9 பேரின் வீட்டில், பெற்றோரோ உடன்பிறந்தவர்களோ, வேறு யாருக்கும் அது இருப்பதில்லை. அந்த மிக ஆபத்தான ஜீன் சேர்க்கையோடு பிறக்கும் குழந்தைகளிலும், குடும்பத்தில் வேறு யாருக்கும் நோய் இல்லை என்றால், சுமார் 20ல் ஒருவருக்குத்தான் நோய் வருகிறது. மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை? ஜீன் மட்டும் போதாது, வெளியிலிருந்தும் ஏதோ ஒன்று வர வேண்டும். பின்லாந்தில், குழந்தைகளிடையே இந்த நோய் உலகிலேயே அதிகம். எல்லைக்கு அந்தப் பக்கம், ரஷ்யாவின் கரேலியா பகுதியில், இந்த ஆபத்து ஜீன்கள் கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருக்கின்றன. ஆனால் நோய் அங்கே ஆறில் ஒரு பங்குதான். சில குடல் வைரஸ்கள் மீது ஆய்வாளர்களுக்குப் பலமான சந்தேகம். அதை எந்த மருமகளும் தாய் வீட்டிலிருந்து கொண்டு வருவதில்லை.

உங்கள் கணவர் இதைப் படித்தால் அவருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் சர்க்கரையைக் கவனிக்கும் வேலையே உங்கள் மனைவிக்கு இரவு பகல் இல்லாத வேலை. அதற்கு மேல் இந்தப் பழியையும் அவர் சுமக்கக் கூடாது. உங்கள் அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறேன். மகளுக்கு நாலு வயதில் டைப் 1 வந்தது. சொந்தத்தில் கட்டியதால்தான் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொன்னார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை.
*வாசகி, தாராவி*

நர்ஸ் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அது உங்கள் மகளின் நோய்க்குப் பெரும்பாலும் பொருந்தாது. சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது, அப்பா அம்மா இருவரிடமும் ஒரே பழுதடைந்த ஜீன் இருந்து, அதன் இரண்டு பிரதியும் பிள்ளைக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு கூடும். அப்படி வரும் அபூர்வமான சர்க்கரை நோய்கள் சில உண்டு. வால்காட் ரேலிசன் நோயில் பிறந்த சில மாதங்களிலேயே சர்க்கரை வரும், எலும்பும் ஈரலும் பாதிக்கப்படும். உல்ஃப்ரம் நோயில் சர்க்கரையோடு பார்வை நரம்பு கெடும், காதும் கேட்காமல் போகலாம். வழக்கமான டைப் 1 அப்படி ஒற்றை ஜீனால் வருவதில்லை. பல ஜீன்கள், அவற்றோடு வெளிக் காரணங்கள் என்று சேர்ந்து வருவது அது. உறவே இல்லாதவர்கள் கட்டிக்கொண்ட வீடுகளில்தான் நான் அதை அதிகம் பார்க்கிறேன்.

மகளுக்கு ஆன்டிபாடி பரிசோதனை, அதாவது எதிர்ப்பு சக்தி பீட்டா செல்களைத் தாக்குகிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, செய்தார்களா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஜி.ஏ.டி. போன்ற ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தால் இது எதிர்ப்பு சக்தியால் வந்த வழக்கமான டைப் 1 என்பது உறுதி. அதற்கு மேல் ஜீன் பரிசோதனை தேவையில்லை, நீங்களும் உங்களை வருத்திக்கொள்ளத் தேவையில்லை. எந்த ஆன்டிபாடியும் இல்லை என்றாலோ, கண்ணிலோ காதிலோ குறை தெரிந்தாலோ, அப்போது ஒற்றை ஜீன் நோயா என்று பார்க்கலாம்.

இந்த இடத்தில் எல்லா வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குச் சர்க்கரை வந்தால் அது அநேகமாக டைப் 1 அல்ல, ஒற்றை ஜீன் பிழை. அந்தக் குழந்தைக்கு ஜீன் பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும். சென்னையில் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இதைச் செய்கிறது. ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், கே.சி.என்.ஜே.11 போன்ற சில ஜீன்களில் பிழை இருந்தால் ஊசியை நிறுத்திவிட்டு கிளிபென்கிளமைட் என்ற மாத்திரையிலேயே குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடிகிறது. அந்தப் பிழை பெரும்பாலும் பெற்றோரிடமே இருக்காது, குழந்தையிடம் புதிதாகத் தோன்றியிருக்கும்.

பெரியவளுக்கு 9 வயதில் டைப் 1. சின்னவனுக்கு மூன்று வயது. எச்சில் எடுத்து அனுப்பினால் ஜீன் பார்த்து ஆபத்து எவ்வளவு என்று சொல்லும் கம்பெனி ஒன்றின் விளம்பரம் வந்தது. செய்யலாமா?
*வாசகர், டோம்பிவிலி*

வேண்டாம் என்பது என் கருத்து. காரணத்தை விளக்குகிறேன்.

முதலில் எண்கள். இவை பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுத்தவை. அங்கே பொதுவாக 300 பேரில் ஒருவருக்கு டைப் 1 வருகிறது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் 100ல் 5 அல்லது 6 பேருக்கு வருகிறது. பல மடங்கு கூடுதல்தான். ஆனாலும் 100 தம்பி தங்கைகளில் 94 பேருக்கு வருவதில்லை. எச்சில் பரிசோதனை இந்த 5 என்பதைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ சொல்லும், அவ்வளவுதான். அந்தக் கணக்குகளும் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் ஜீன்களை வைத்துப் போட்டவை. புனே கே.இ.எம். மருத்துவமனையும் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பல ஜீன்களைச் சேர்த்துக் கணக்கிடும் ஜீன் மதிப்பெண் இந்தியர்களிடமும் டைப் 1ஐயும் டைப் 2ஐயும் பிரித்துக் காட்ட உதவுகிறது என்று தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது ஏற்கெனவே சர்க்கரை வந்தவருக்கு எந்த வகை என்று பார்க்கும் வேலை. ஓடி விளையாடும் மூன்று வயதுப் பையனுக்கு நாளை என்ன ஆகும் என்று சொல்வது வேறு வேலை.

உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை. ஜீன் என்ன நடக்கலாம் என்று சொல்லும். ஆன்டிபாடி, ஏதாவது நடக்கத் தொடங்கிவிட்டதா என்று சொல்லும். இன்சுலின், ஜி.ஏ.டி., ஐ.ஏ.2, ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8 என்ற நான்குக்கும் எதிரான ஆன்டிபாடிகளைப் பார்ப்பார்கள். ஒன்று மட்டும் இருந்தால் ஆபத்து குறைவு, சில சமயம் மறைந்தும் போகும். இரண்டோ அதற்கு மேலோ நிலையாக இருந்தால், சர்க்கரை அளவு சரியாக இருந்தாலும், அதையே நோயின் முதல் கட்டம் என்று இப்போது எடுத்துக்கொள்கிறோம். அப்படிப்பட்ட குழந்தைகளில் 100க்கு சுமார் 70 பேருக்கு 10 வருடத்துக்குள் நோய் வெளிப்படுகிறது.

தெரிந்து என்ன பயன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 2022 நவம்பரில் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அந்த அனுமதிப்படி 8 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, இரண்டாவது கட்டத்தில், அதாவது சர்க்கரை லேசாக ஏறத் தொடங்கியபோது, 14 நாள் தொடர்ந்து நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். நோயை நிறுத்தவில்லை, ஆனால் சுமார் இரண்டு வருடம் தள்ளிப்போட்டது. ஊசி இல்லாத இரண்டு வருடம் ஒரு குழந்தைக்குச் சின்ன விஷயம் இல்லை. இருந்தாலும் அது விலையில் நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத மருந்து. இன்றைக்கு நமக்கு உள்ள பெரிய பயன் வேறு. முன்பே தெரிந்த வீட்டுப் பிள்ளை மயங்கிய நிலையில் ஐ.சி.யூ.வுக்கு வருவது மிகக் குறைவு. ஜெர்மனியின் பவேரியாவில் 2015லிருந்து பல்லாயிரம் குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனை செய்து இதைப் பார்த்திருக்கிறார்கள். இத்தாலி 2023ல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இதைச் செய்யச் சட்டமே போட்டது.

ஆக, சின்னவனுக்குப் பார்க்க விரும்பினால் பெரியவளைப் பார்க்கும் டாக்டர் மூலமாக ஆன்டிபாடி மட்டும் பாருங்கள். இல்லை என்று வந்தால் ஆறு வயது வாக்கில் இன்னொரு முறை பார்த்தால் நல்லது. முடிவைத் தாங்கும் மனநிலை இப்போது வீட்டில் இல்லையென்றால் பார்க்காமல் இருப்பதிலும் தப்பில்லை. உங்கள் வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறது, அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்காக அக்காவுக்குக் குத்தும்போதெல்லாம் தம்பிக்கும் குத்திப் பார்க்காதீர்கள். இதைப் பல வீடுகளில் பார்க்கிறேன், அந்தப் பிள்ளைகள் மீட்டரைக் கண்டாலே அலறுகிறார்கள். தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைதல், நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி ஆரம்பித்தல், இவற்றில் ஏதாவது தெரிந்தால் மட்டும் பாருங்கள். அன்றைக்கே பாருங்கள்.

இரட்டைப் பெண் குழந்தைகள், ஒரே ஜாடை. ஒருத்திக்கு வந்துவிட்டது. மற்றவளுக்கும் வந்தே தீருமா?
*வாசகி, முலுண்ட்*

வந்தே தீரும் என்று இல்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்றால் ஜீன்கள் ஒன்றேதான். ஆனாலும் மற்றவருக்கு வருவது 100ல் 30 முதல் 50 வரை என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. நடுத்தர வயது தாண்டியும் தொடர்ந்து பார்த்தால் இன்னும் கூடுகிறது. தனித்தனிக் கருவில் உருவான இரட்டையர் என்றால் மற்ற உடன்பிறப்புகளைப் போலத்தான். மேலே டோம்பிவிலி வாசகருக்குச் சொன்ன ஆன்டிபாடி பரிசோதனையை உங்கள் விஷயத்தில் நான் கண்டிப்பாகச் செய்யச் சொல்வேன்.

பேரனுக்கு நான்தான் ஆசை ஆசையாக ரவா லட்டும் மைசூர்பாகும் கொடுத்தேன். அதனால் வந்திருக்குமோ?
*ஒரு பாட்டி, மாட்டுங்கா*

இல்லை பாட்டி. இனிப்பால் டைப் 1 வராது. தடுப்பூசியாலும் வராது, தாய்ப்பால் குறைந்து புட்டிப்பால் கொடுத்ததாலும் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பசும்பால் புரதத்தைச் சிதைத்துத் தயாரித்த விசேஷப் பால் மாவைக் கொடுத்தால் தடுக்க முடியுமா என்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளை வருடக்கணக்கில் கவனித்துப் பார்த்தார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை என்று 2018ல் முடிவு வந்தது. நீங்கள் கொடுத்த லட்டில் அன்பு மட்டும்தான் இருந்தது. இன்சுலின் அளவைச் சரியாகக் கணக்குப் போட்டால், விசேஷ நாளில் பேரன் ஒரு மைசூர்பாகு சாப்பிடவும் செய்யலாம். அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எனக்கு 26 வயது, 11 வயதிலிருந்து டைப் 1. ஐ.டி. வேலை. இரண்டு வரன்கள் இதைச் சொன்னதும் நின்றுபோயின. "பிள்ளைக்கும் வருமாமே" என்பதுதான் காரணம். இனிமேல் சொல்ல வேண்டாம், கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அம்மா.
*வாசகி, நவி மும்பை*

"பிள்ளைக்கும் வருமாமே" என்கிறவர்களுக்கு எண்ணைச் சொல்லுங்கள். அம்மாவுக்கு டைப் 1 இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு 100ல் 2 அல்லது 3. அம்மாவுக்கு 25 வயதுக்கு மேல் பிறந்த குழந்தை என்றால் 100ல் ஒன்று என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்கிறது. அப்பாவுக்கு இருந்தால்தான் கூடுதல், சுமார் 100ல் 6. ஏன் அம்மா வழியாகக் குறைவு என்பது இன்னும் முழுமையாக விளங்காத புதிர். வரன் வீட்டில் டைப் 2 யாருக்காவது இருக்கிறதா என்று நீங்கள் கேட்டீர்களா? நம் ஜனங்களில் அது இல்லாத வீடு குறைவு. பிள்ளைகளுக்குத் தொடரும் வாய்ப்பும் டைப் 2ல்தான் மிக அதிகம். அதை யாரும் வரன் பேசும்போது எடுப்பதில்லை.

ஆனால் மறைக்காதீர்கள். ஒழுக்கப் பாடமாக இதைச் சொல்லவில்லை, உங்கள் உயிருக்காகச் சொல்கிறேன். கல்யாணமான வீட்டில் ஒளித்து ஊசி போட ஆரம்பிக்கும் பெண்கள் ஊசியைத் தவறவிடுகிறார்கள். ராத்திரி சர்க்கரை இறங்கிப்போனால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு என்ன செய்வது என்றே தெரியாது. விரதம், பூஜை என்று சாப்பாடு தள்ளிப்போகும்போது வாய் திறக்க முடியாது. கர்ப்பம் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். கருத்தரிப்பதற்கு முன்பே ஹெச்.பி.ஏ.1.சி., அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, 6.5க்குக் கீழே இருப்பது நல்லது. குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாவது முதல் சில வாரங்களில், நாள் தள்ளிப்போனதைக் கவனிப்பதற்குள்ளேயே. ஒளித்து வைத்தால் இந்தத் தயாரிப்புகளில் எதையும் செய்ய முடியாது. தெரிந்து, கேட்டு, புரிந்துகொண்டு வருகிற ஒருவர் கிடைப்பார். வரும் வரனை உங்கள் டாக்டரிடம் ஒரு முறை கூட்டிப் போங்கள். பாதி பயம் அந்த அரை மணி நேரத்தில் போய்விடும்.

தமிழ் வழி முனிசிபல் பள்ளியில் ஆசிரியை நான். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பீரியடுக்கு ஒரு முறை பாத்ரூம் கேட்கிறாள், பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கிறாள். பாவாடை லூசாகிப் பின் குத்தி வருகிறாள். அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "எங்க ரெண்டு குடும்பத்துலயும் யாருக்கும் சுகர் கிடையாது டீச்சர், வெயில் தாங்கல" என்றார். மறுபடி சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருக்கிறது.
*வாசகி, தாராவி*

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே நீங்கள் எழுதியிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். அச்சில் வருவது மற்ற ஆசிரியர்களுக்காக. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 10ல் 9 குழந்தைகள் அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்துதான் வருகிறார்கள். அந்த நம்பிக்கையிலேயே ஒரு வாரம், இரண்டு வாரம் போகிறது. அதற்குள் ரத்தத்தில் அமிலம் ஏறி, வயிற்று வலியும் வாந்தியும் வேகமான மூச்சுமாகிவிடுகிறது. அதை அஜீரணம், நிமோனியா என்று நினைத்து வேறு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நம் ஊர்களில் சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் பெரியவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். பிளாட்டிலும் பொதுக் கழிப்பறையிலும் அதுவும் தெரியாது.

அம்மாவிடம் "சுகர் இருக்கும்போல" என்று சொல்ல வேண்டாம். "ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிஷ வேலை, நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். எந்த மெடிக்கல் கடைக்குப் பக்கத்திலும் குளுக்கோமீட்டர் வைத்திருக்கும் கிளினிக் இருக்கும். வெறும் வயிறா, சாப்பிட்டாச்சா என்று பார்க்க வேண்டாம். இந்த அறிகுறிகளோடு 200க்கு மேல் இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே குழந்தைகள் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாந்தியோ மூச்சு வாங்குவதோ இருந்தால் ராத்திரியானாலும் போக வேண்டும்.

உங்கள் மாணவிக்கு 390 இருந்தது, அமிலம் ஏறுவதற்கு முன்பே சேர்த்துவிட்டீர்கள் என்று ஆசிரியர் குழு மூலமாகத் தகவல் வந்தது. அவள் பள்ளிக்குத் திரும்பியதும் டிபன் நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பி.டி. பீரியடுக்கு முன்பு அவளைச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று வியர்த்தால், கை நடுங்கினால், எரிச்சலாகப் பேசினால், சர்க்கரை இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சர்க்கரை இறங்கிய நேரத்தில் அவளைத் தனியாக எங்கும் அனுப்பாதீர்கள். பாத்ரூமுக்குக்கூட ஒரு தோழியோடு அனுப்புங்கள். குளுக்கோஸ் டப்பா ஒன்று உங்கள் மேஜை டிராயரிலேயே இருக்கட்டும், டிராயரைப் பூட்டாதீர்கள்.